‘வேண்டாம்’ என்னும் உரிமை: ஒரு கலை–பொறியியல் சோதனைக்களத்தின் மறுவாசிப்பு

சிக்கல்

கலை, அறிவியல், தொழில்நுட்பம், சமூகம் ஆகிய நான்கையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவரும் பண்பாட்டுச் சோதனைக்கூடங்கள் இன்று பல நாடுகளில் இயங்குகின்றன. அவற்றை எடைபோடுவோர் அங்கே உருவான படைப்பு புதுமையானதா என்றே பெரும்பாலும் கேட்கிறார்கள். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கூட்டு முயற்சியில் ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது? ஒருவர் மறுப்பதால் மற்றவரின் வேலைமுறை மாறினால் அதைக் கூட்டாய்வு எனலாம். மாறாவிட்டால் அது ஏவலும் செயலும் மட்டுமே. நியூயார்க்கில் 1966இல் தோன்றிய ‘எக்ஸ்பெரிமென்ட்ஸ் இன் ஆர்ட் அண்ட் டெக்னாலஜி’ (இ.ஏ.டி.) அமைப்பின் வரலாற்றைக் கொண்டு இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மட்டையும் விளக்கும்

அமைப்பின் விதை 1966 அக்டோபரில் நடந்த ‘ஒன்பது மாலைகள்’ என்ற நிகழ்வு. பெல் ஆய்வகப் பொறியாளர் பில்லி க்ளூவரும் ஓவியர் ராபர்ட் ரௌஷன்பெர்க்கும் முன்னின்று நடத்திய அந்நிகழ்வில் 10 கலைஞர்களும் ஏறத்தாழ 30 பொறியாளர்களும் பங்கேற்றனர். ரௌஷன்பெர்க்கின் ‘ஓபன் ஸ்கோர்’ ஒரு டென்னிஸ் ஆட்டம். மட்டைக்குள் ஒலிவாங்கியும் சிறு எஃப்.எம். அலைபரப்பியும் இருந்தன. பந்து படும்போதெல்லாம் மணியோசை போன்ற ஒலி மண்டபத்தில் அதிர்ந்தது; கூடவே ஒரு விளக்கு அணைந்தது. விளக்குகள் எல்லாம் அணைந்து இருள் சூழ்ந்தபின் சுமார் 500 பேர் உள்ளே வந்து நின்றனர். அகச்சிவப்புக் கேமரா பிடித்த அவர்களின் உருவங்களைப் பார்வையாளர்கள் திரையில் கண்டார்கள்.

திட்டமிட்டபடி பல கருவிகள் இயங்கவில்லை. தாமதங்களை விமர்சகர்கள் எள்ளி நகையாடினர். ஆய்வகத்தில் பிழை ஒரு தரவு, அரங்கில் அதுவே அவமானம். இரு தொழில்களும் பிழையை வெவ்வேறாகப் புரிந்துகொள்கின்றன என்பதை இந்நிகழ்வு வெளிப்படுத்தியது. ஆயினும் ‘ஓபன் ஸ்கோ’ரில் கற்பனை கலைஞருடையது, அதை நிறைவேற்றும் பொறுப்பு பொறியாளருடையது என்ற பிரிவு குலையவில்லை.

பனியும் பானமும்

அந்தப் பிரிவு 1970இல் ஒசாகா உலகக் கண்காட்சியில் குலைந்தது. பெப்சி நிறுவனத்தின் அரங்கை வடிவமைக்கும் பொறுப்பு இ.ஏ.டி.யிடம் வந்தது. அரங்கின் கூரையை மூடுபனியால் போர்த்தும் பணியை ஏற்றவர் கலைஞர் ஃபுஜிகோ நகாயா. செயற்கைப் பனித்துகளை ஆய்வகத்தில் முதன்முதலாக உருவாக்கிய இயற்பியலாளர் உகிசிரோ நகாயாவின் மகள் இவர். கலிஃபோர்னியாவின் மேக இயற்பியலாளர் தாமஸ் மீ, வேதிப்பொருளால் பனி எழுப்பும் முறையை அறிந்தவர். நகாயா அதை ஏற்கவில்லை. மக்கள் உள்ளே நடக்க வேண்டும், மூச்சிழுக்க வேண்டும், பனி தோலில் படவேண்டும். ஆகவே தூய நீரன்றி வேறெதுவும் கூடாது என்றார்.

இந்த மறுப்பு பொறியியலுக்குப் புதிய சிக்கலைத் தந்தது. மீ கண்ட தீர்வில், உயர் அழுத்தத்தில் நுண்துளை வழியே பீறிடும் நீர், எதிரே நிற்கும் ஊசிமுனையில் மோதி, காற்றில் மிதக்குமளவு சிறுதுளிகளாகச் சிதறியது. கூரையில் அத்தகைய தெளிப்பான்கள் 2,500க்கு மேல் பொருத்தப்பட்டன. மீயின் நிறுவனத்தின் வழியே இந்நுட்பம் பின்னர் வேளாண்மைக்கும் தொழிற்சாலைகளுக்கும் சென்றது. நகாயாவோ பல நாடுகளில் மூடுபனிச் சிற்பங்களை அமைத்தார். இருவருக்கும் பிழைப்பாகவும் ஆய்வாகவும் நீடித்த ஒன்று, அழகியல் சார்ந்த ஒரு ‘வேண்டா’மில் பிறந்தது.

அதே அரங்கில் இன்னொரு ‘வேண்டாம்’ ஒலித்தது. திறப்பு விழா முடிந்து சில வாரங்களில், பராமரிப்புச் செலவு குறித்த பிணக்கில் பெப்சி நிறுவனம் இ.ஏ.டி.யை விலக்கிவிட்டது. நகாயாவின் மறுப்பு வேலையை வளர்த்தது. பணம் தந்தவரின் மறுப்பு வேலையை முடித்தது. இரண்டையும் ஒரே ‘கூட்டுறவு’ என்ற சொல்லால் குறிப்பது ஆய்வாளர் செய்யும் பிழை.

எருமை வளர்ப்போர்

சமூகம் இவ்வரலாற்றில் எங்கே வருகிறது? 1969இல் இந்திய இயற்பியலாளர் விக்ரம் சாராபாயின் அழைப்பின் பேரில், குஜராத்தின் ஆனந்த் பால் கூட்டுறவுக்கான கல்வித் தொலைக்காட்சி பற்றி இ.ஏ.டி. ஒரு திட்டம் வகுத்தது. அங்கே எருமைகளைப் பேணியவர்கள் பெரும்பாலும் பெண்கள். எனவே படம்பிடிப்பது நகரத்து நிபுணரின் வேலையாக இராமல், கையடக்க வீடியோக் கருவியோடு ஊருக்குள்ளேயே நடக்கட்டும் என்பது அத்திட்டத்தின் மையம். அது அவ்வடிவில் நிறைவேறவில்லை. ஆனால் தன் தொழிலைப் பற்றிய படத்தில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதைப் பால் கறப்பவரே முடிவுசெய்யட்டும் என்ற எண்ணம், ஒசாகாவின் மொத்த வரவுசெலவிலும் இடம்பெறாத ஒன்று. அங்கே மக்கள் பனிக்குள் நடந்தார்கள். முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

மறுப்புரையும் முடிபும்

கலைக்கும் தொழில்நுட்பத்துக்கும் நடந்த இத்திருமணத்தையே பலிக்காத சர்வரோக நிவாரணி என்று 1980இல் கணித்தார் விமர்சகர் ஜாக் பர்ன்ஹாம். தோல்விகளின் பட்டியலைக் கண்டால் அக்கணிப்பு நியாயமாகவே தோன்றும். எனினும் அது படைப்புகளைக் கொண்டு அமைப்பை அளக்கிறது. மறுக்கும் உரிமையைக் கொண்டு அளந்தால் மூன்று நிலைகள் தெளிகின்றன: 1966இல் ஏவலும் செயலும்; ஒசாகாவின் கூரைமேல் இருவரையும் மாற்றிய கூட்டாய்வு; ஆனந்தில் காகிதத்தோடு நின்ற மக்கள் பங்கேற்பு. மூன்றாவதே மிகக் கடினமானது, ஏனெனில் அதில் கலைஞரும் பொறியாளரும் சேர்ந்தே தம் அதிகாரத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க நேர்கிறது.

ஆகவே ஒரு சோதனைக்கூடத்தை ஆராயப் புகுபவர் கண்காட்சி மலரை ஒதுக்கிவைத்து ஒப்பந்தத்தை எடுத்துப் படிப்பது நல்லது. பராமரிப்புச் செலவு யாருடையது, இடையில் நிறுத்தும் உரிமை யாருக்கு, திட்டம் தொடும் மக்களின் கையெழுத்து அதில் இருக்கிறதா என்பவை அங்கேதான் தெரியும்.