சுடாத தோட்டா பிளந்தது ஏன்?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அருகருகே அமைந்தவை ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும். இன்று அம்மலை வனவிலங்குகளின் புகலிடம். 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கெனச் சரணாலயமும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமும் அங்கே ஏற்பட்டன. ஆயினும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருமுன் அச்சாரலில் துப்பாக்கியோடு திரிந்தவர் பலர்.

இராஜபாளையத்தில் அன்பர் ஒருவர் இல்லத்திற்கு நாம் சென்றிருந்தபோது, அவர் தம் பாட்டனார் காலத்துப் பித்தளைத் தோட்டா உறை ஒன்றைக் காட்டினார். மருந்தும் குண்டும் அகற்றப்பட்ட வெற்று உறை அது. அதன் கழுத்தில் நெடுக ஒரு பிளவு. “இது சுடப்பட்டதே இல்லை, ஹஜ்ரத்! பெட்டியில் வைத்தது வைத்தபடியே பிளந்துவிட்டது. ஏன்?” என்று அவர் கேட்டார். அவ்வினாவிற்கு விடை தேடியபோது வரலாற்றின் பல ஏடுகளைப் புரட்ட வேண்டியதாயிற்று.

முதலில் சொற்களைக் காண்போம். துப்பாக்கி என்பது துருக்கி மொழி வழி வந்த சொல். தோட்டா இந்துஸ்தானிச் சொல். ஆனால், துப்பாக்கியில் இடும் வெடிப்பொடியை நாம் ‘மருந்து’ என்கிறோம். அரபு நூலாரும் அதனைத் தொடக்கத்தில் ‘தவா’ என்றே வழங்கினர், அதுவும் மருந்தே. ஹிஜ்ரி 694இல் (கி.பி. 1295) மறைந்த ஹசன் அல்-ரம்மாஹ் என்னும் சிரியா நாட்டறிஞர், வெடியுப்பை மரச் சாம்பல் கொண்டு தூய்மை செய்யும் முறையை விரிவாக எழுதி வைத்துள்ளார்.

தென்பாண்டிச் சீமைப் பாளையப் போர்களில் இம்மருந்து குழலின் வாய்வழியே இடப்பட்டது. கான் சாஹிப் என மக்கள் அழைத்த யூசுப் கான், 1759இல் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கித் தோற்றதும், 1761இல் அதனைப் பிடித்ததும் அத்தகைய துப்பாக்கிகளின் காலத்தில்தான். இராஜபாளையத்திற்குத் தெற்கே உள்ளது அவ்வூர். அக்காலத் தோட்டா என்பது ஒருமுறை சுடுவதற்கான மருந்தும் குண்டும் அடங்கிய காகிதப் பொட்டலமே. சிப்பாய் அதனைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டை இடிகோலால் இறுக்க வேண்டும்.

அந்தக் காகிதந்தான் 1857இல் நாட்டையே உலுக்கியது. புதிய என்பீல்டு துப்பாக்கியின் தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவப்பட்டுள்ளன என்ற செய்தி பரவியது. தத்தம் விருப்பப்படி நெய்யும் மெழுகும் தடவிக் கொள்ளலாம் என்றும், கையால் கிழிக்கலாம் என்றும் அரசினர் பின்னர் இணங்கினர். பயன் விளையவில்லை. ஏப்ரல் 24ஆம் நாள் மீரட்டில் முஸ்லிம்களும் இந்துக்களுமான 85 குதிரைப்படை வீரர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அன்று அவர்களுக்குத் தரப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே! எனினும், நம்பிக்கை போனபின் பழையதும் புதியதும் ஒன்றே அன்றோ? மே 9இல் அவர்களுக்கு விலங்கு பூட்டினர். மறுநாளே கிளர்ச்சி வெடித்தது.

இதன்பின் சில ஆண்டுகளில் காகிதத்தின் இடத்தைப் பித்தளை பிடித்தது. 1866இல் பாக்ஸர் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி உறை செய்தார். சுருட்டிய உறை சூடேறிய துப்பாக்கியில் சிக்கிக் கொண்டது. எனவே, ஒரே வில்லையிலிருந்து இழுத்து நீட்டிய உறை வழக்கிற்கு வந்தது. நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கொண்ட பித்தளையே இதற்கு ஏற்றது.

இங்கேதான் நம் அன்பரின் வினாவிற்கு விடை தொடங்குகிறது. பித்தளையை அடிக்க அடிக்க, இழுக்க இழுக்க அது இறுகும். பாத்திரம் அடிப்பவர் சிறிது தட்டியதும் அதனை நெருப்பில் காய்ச்சி ஆறவிட்டு மீண்டும் தட்டுவது இதனால்தான். இறுக்கத்தை நீக்காது விட்டால், வெளிக்குப் பளபளப்பாயிருக்கும் உலோகத்தினுள் விசை அடைபட்டுக் கிடக்கும்.

ஆங்கிலேயப் படையினர் மழைக்காலங்களில் தோட்டாக்களை நம் நாட்டுக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தனர். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பல உறைகள் தாமே வெடித்திருந்தன. பருவத்தில் நேர்ந்ததால் அதற்குப் ‘பருவ வெடிப்பு’ என்றே பெயரிட்டனர். 1921இல் உலோகவியலார் காரணத்தைத் தெளிவாக்கினர். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா ஆவி, ஈரத்தோடு கூடி, உள்ளிறுக்கம் மிக்க இடத்தைப் பிளந்துவிடுகிறது. அமோனியா நமக்கு அயலானதன்று. பாத்திரத்திற்கு ஈயம் பூசுவோர் தூவும் நவச்சாரம், அரபியில் ‘நூஷாதிர்’, அதன் உப்பே ஆகும்.

தீர்வு எளியது. உறையை உருவாக்கியபின் இதமாகச் சூடேற்றினால் உள்ளிறுக்கம் தணியும். துல்லியமாகச் சுட விரும்பும் பந்தய வீரர், சட்டம் இடந்தரும் நாடுகளில், சுட்ட உறையைத் தாமே மீண்டும் ஆயத்தம் செய்வர். உறையை அச்சில் அழுத்திப் பழைய அளவிற்குக் கொணர்வர். நீண்ட வாயைச் சமமாக வெட்டுவர். எடை பார்த்து இனம் பிரிப்பர். எல்லா உறைகளும் ஒத்திருந்தால்தான் எல்லாக் குண்டுகளும் ஓரிடத்தில் சேரும். கழுத்து இறுகிவிட்டால் அதற்கு மட்டும் அனல் காட்டுவர். அடிப்பகுதி வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்க வேண்டியது; அது மென்மையானால் சுடுபவர்க்கே கேடு. அமோனியா கலந்த மெருகு நீரால் உறையைத் துலக்கவும் மாட்டார். உரிமம் இன்றித் தோட்டா செய்வது நம் நாட்டில் குற்றம் என்பதையும் இங்கே சொல்லிவிடுதல் நம் கடமை.

அன்பரிடம் நாம் கூறிய விடை இதுவே: அந்த உறையைப் பிளந்தது வெடிமருந்தன்று; செய்தபோதே உள்ளே தங்கிய இறுக்கமும், பின்னர் வந்து தீண்டிய சிறிது ஆவியுமே. அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மீரட்டிலும் இதுதானே நடந்தது?” என்றார். ஆம். கொழுப்பு வந்து சேர்ந்த ஆவி. அதற்கு முன்பே நெஞ்சங்களில் இறுக்கம் இருந்தது. அதனை ஆற்ற வேண்டிய காலத்தில் ஆற்றாதவர்கள், செய்தி பரவியபின் நெய்யையும் மெழுகையும் நீட்டினார்கள்.