குருதியும் பதிவேடும்

குருதியின் நிறம் எல்லோர்க்கும் ஒன்றே என்பதைச் சிறு குழந்தையும் அறியும். ஆயினும் விஞ்ஞானத்திலும் இசையிலும் மேம்பட்டிருந்த ஜெர்மனி நாடு, 1933 முதல் 1945 வரை ஹிட்லரின் ஆட்சியில், குருதியைப் பங்கிட்டு மக்களைத் தரம் பிரித்தது. சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட வரலாறு பலரும் அறிந்ததே. பாதி யூதர், கால் யூதர் எனப் பெயர் சூட்டப்பட்டோரின் கதையை அறிந்தோர் சிலரே.

1935 செப்டம்பரில் நூரம்பர்க் நகரில் இயற்றிய சட்டங்களால் யூதர்க்குக் குடியுரிமை பறிபோயிற்று. அவர்களோடு மணவுறவு கொள்வது குற்றமாயிற்று. யூதர் என்பவர் யாவர்? அவ்வாண்டு நவம்பர் 14ஆம் நாள் ஆணை விடை கூறிற்று. பாட்டன் பாட்டியர் நால்வருள் மூவரேனும் யூதராயின் அவர் யூதர், இருவராயின் முதற்படிக் கலப்பினத்தார், ஒருவராயின் இரண்டாம்படியினர். முதற்படியினர் யூத சமயச் சபையில் இருந்தாலோ, யூதரை மணந்திருந்தாலோ அவரும் யூதராகவே கொள்ளப்பட்டார்.

இதில் ஒரு விந்தை உண்டு. ஒருவர் யூதரா என்று காட்டும் இரத்தப் பரிசோதனை உலகில் எதுவுமில்லை. ஆதலின் அதிகாரிகள் மாதாகோயில் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டினர். பாட்டனார் சார்ந்திருந்த சமயமே பேரனின் இனமாயிற்று! இரத்தம், இரத்தம் என்று முழங்கியவர்கள் இறுதியில் நம்பியது காகிதத்தையே.

1939 மே மாதக் குடிக்கணக்கில் முதற்படியினர் ஏறத்தாழ 70,000 பேர். இரண்டாம்படியினர் ஏறத்தாழ 40,000 பேர். அவ்வாண்டில் பெர்லின் நாளிதழொன்று, ஜெர்மானியப் போர்வீரனுக்கு இலக்கணம் என ஓர் இளைஞரின் படத்தை வெளியிட்டது. அவர் வெர்னர் கோல்ட்பர்க். தந்தையார் யூத மரபினர்! 1940 ஏப்ரலில் முதற்படியினரைப் படையினின்று நீக்க ஆணை பிறந்தது, அவரும் விலக்கப்பட்டார்.

1942 ஜனவரி 20இல் வான்சே மாளிகையில் கூடிய அதிகாரிகள், முதற்படியினரை யூதரோடு அனுப்புவதா, மலடாக்குவதா என்று ஆராய்ந்தனர். முடிவு காணாமையால் பெரும்பாலோர் உயிர் பிழைத்தனர். எனினும் கல்வியும் மணவாழ்வும் மறுக்கப்பட்டன. 1944இல் பலர் கட்டாய உழைப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். ஜெர்மானியத் தந்தை இறந்தாலோ மணவிலக்குப் பெற்றாலோ, யூதத் தாய்க்கிருந்த காப்பு நீங்கிற்று. மகன் வீட்டில் நிற்கத் தாய் ரயிலேற்றப்பட்டாள்.

அந்த ரயில்களுக்கும் கால அட்டவணை இருந்தது. தலைக்கு இவ்வளவு என மூன்றாம் வகுப்புக் கட்டணம் கணக்கிடப்பட்டது. பத்து வயதிற்குட்பட்ட குழந்தைக்கு அரைக் கட்டணம். ரயில்வே குமாஸ்தாவாகிய நான் இதைப் படித்த இரவு உறங்கவில்லை. அக்கணக்கை எழுதியவனும் என்னைப் போல் மேசைமுன் அமர்ந்து, கூட்டலைச் சரிபார்த்து, மாலையில் தன் பிள்ளைகளிடம் திரும்பியவன்தானே!

அன்பர்களே, கொடுங்கோலன் ஒருவனால் மட்டும் கொடுமை நடந்துவிடாது; கேள்வியின்றி எழுதும் கைகள் ஆயிரம் வேண்டும். ஏட்டின் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு மனிதன் நிற்கிறான். எழுதுகோல் பிடிப்போர் அவன் முகத்தை மறவாதிருப்போமாக.