காலிப் பாடியும் பின் அச்சும்: பிக்கப் வண்டிக்கு லாக்கரா, லிமிடெட் ஸ்லிப்பா?

தார்ச்சாலைக்கு லிமிடெட் ஸ்லிப், காட்டுப்பாதைக்கு லாக்கர் என்பது டிஃபரன்ஷியல் பற்றிய பேச்சில் முதலில் வந்து விழும் வாய்பாடு. காருக்கு இது ஓரளவு பொருந்தும். பிக்கப் வண்டிக்கு அது மட்டும் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். எஞ்சினும் ஓட்டுநர் அறையும் முன்பக்கம் அழுத்த, பின் அச்சு சரக்குக்கென்றே அமைக்கப்பட்டது. 700 கிலோ ஏற்றினால் அழுந்தி நிற்கும் அதே சக்கரம், காலியாகத் திரும்பும்போது லேசான ஈரத்திலும் சுழன்றுவிடுகிறது. ஆகவே காலி வண்டியை வைத்துத்தான் இந்தக் கேள்வியைத் தீர்க்க வேண்டும்.

அமெரிக்காவின் வட மாநிலமொன்றில் பனிக்காலத்தில் ஓடும் அரை டன் பிக்கப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ('அரை டன்' பழைய வழக்கு, இன்று அந்த வகுப்பு வண்டிகள் அதைவிட அதிகமாகவே சுமக்கின்றன.) மொத்த எடை 2,200 கிலோ, பின் அச்சின் மேல் 900 கிலோ என்று கொள்வோம். வலச் சக்கரம் சாலையோரப் பனிக்கட்டியில். உராய்வுக் கெழு 0.1. இடச் சக்கரம் காய்ந்த தாரில், கெழு 0.8. பனிக்கட்டியில் நிற்கும் சக்கரம் தாங்கும் தள்ளுவிசை சுமார் 440 நியூட்டன். தாரில் நிற்பது 3,530 நியூட்டன் வரை தாங்கும். சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கமும் சம முறுக்குவிசையைத்தான் தரும். எனவே நல்ல சக்கரத்துக்கும் 440 நியூட்டனே வாய்க்கிறது. மொத்தம் 880, வண்டியின் எடையில் 4 விழுக்காடு. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் சாதாரண மேட்டில்கூட இந்த வண்டி நின்றுவிடும்.

பல்சக்கர வகை லிமிடெட் ஸ்லிப்பான டார்சன், பிடிப்பில்லாத பக்கம் தாங்குவதைப் பெருக்கி மறுபக்கத்துக்கு அனுப்புகிறது. வெர்னான் கிளீஸ்மன் 1958இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. பெருக்கம் மூன்று மடங்கு என்றால் மொத்தம் 1,760 நியூட்டன். 8 விழுக்காட்டு மேட்டில் ஏறிவிடும். லாக்கர் பூட்டிய அச்சில் 3,970 நியூட்டன், அதாவது 18 விழுக்காடு. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் டார்சன் பூச்சியத்தை மூன்றால் பெருக்கும், பயனில்லை. ஹேண்ட்பிரேக்கை லேசாக இழுத்துப் பிடித்தால் தொங்கும் சக்கரத்துக்கு ஒரு சுமை கிடைக்கும், பெருக்கமும் மீண்டும் தொடங்கும் என்பது ஓட்டுநர்கள் அறிந்த உபாயம்.

இந்தக் கணக்கோடு நிறுத்தினால் லாக்கரே வென்றதாகிவிடும். நிறுத்தக்கூடாது. டயரின் பிடிப்பு ஒரே இருப்பு. முன்னோக்கித் தள்ளச் செலவழித்தது போக மிச்சம்தான் பக்கவாட்டில் பிடித்து நிற்க உதவும். இரு சக்கரமும் பனியில் நிற்கும்போது சாதாரண டிஃபரன்ஷியலில் ஒன்றுதான் சுழலும். மற்றது சுழலாமல் வண்டியின் பின்புறத்தைச் சாலையில் பிடித்து வைத்திருக்கும். பூட்டிய அச்சில் இரண்டும் சுழலும், பக்கப்பிடிப்பு ஏறக்குறைய இல்லாமலே போகும். மழைநீர் வடிவதற்காகச் சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் போடப்பட்டிருப்பதால், காலி பிக்கப்பின் வால்புறம் தானாகவே ஓரத்துப் பள்ளத்தை நோக்கி நழுவும். ஏற்றத்தில் காப்பாற்றிய அதே பூட்டு இங்கே ஆளைக் கவிழ்க்கப் பார்க்கிறது.

திருப்பத்திலும் இதே தொல்லை. சக்கரங்களுக்கு இடையே 1.6 மீட்டர் அகலம் இருந்தால், செங்கோணத் திருப்பத்தில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட 2.5 மீட்டர் அதிகம் ஓட வேண்டும். வளைவு அகலமானாலும் குறுகலானாலும் இந்த 2.5 மீட்டர் மாறாது. பலர் இதை நம்பவே மாட்டார்கள். பூட்டிய அச்சில் அவ்வளவு தூரத்தையும் டயர் தேய்ந்து, வழுக்கித்தான் சரிக்கட்டும்.

ஆக, எவ்வளவு பூட்டுகிறது என்பதைவிட எப்போது பூட்டுவதென்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதே முக்கியம். கிளட்ச் பிளேட் வகை லிமிடெட் ஸ்லிப்பில் ஸ்பிரிங் அழுத்தமும் எஞ்சின் தரும் முறுக்கும் முடிவு செய்கின்றன. பிளேட் தேய்ந்தால் அந்த முடிவும் தேய்கிறது. ஈட்டன் தயாரித்து ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்புகளில் ஜி80 என்ற குறியீட்டில் வரும் லாக்கரில் முடிவு செய்வது வேக வேறுபாடு. இரு சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வேறுபாடு வந்ததும் உள்ளே சிறு எடைகள் விரிந்து கொக்கி விழுகிறது. மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல் பூட்டாது. 2.5 மீட்டர் சுற்றளவுள்ள டயரில் 100 சுற்று என்பது மணிக்கு 15 கிலோமீட்டர். அதாவது ஒரு சக்கரம் நன்றாகச் சுழன்று பனியை மெருகேற்றிய பிறகே உதவி வருகிறது, அதுவும் ஓர் உதையோடு. ஆக்சிலரேட்டரை மிதித்தே பழகியவர்களிடம் இது உடைந்து 'கவ்-பாம்' என்ற பட்டப்பெயர் வாங்கியதில் வியப்பில்லை. மகிந்திரா தாரில் நம்மூரில் ஓடுவதும் இதே குடும்பத்து லாக்கர்தான்.

பிரேக் மூலம் சக்கரத்தை அடக்கும் மின்னணு முறையே போதும் என்ற எதிர்வாதம் வலுவானது. டொயோட்டா 'ஆட்டோ எல்.எஸ்.டி.' என்று பெயரிட்டிருப்பதும் பிளேட் எதுவும் இல்லாத இந்த முறைதான். ஆனால் மேற்கண்ட உதாரணத்தில் நல்ல சக்கரத்துக்கு 3,530 நியூட்டன் கொடுக்க, மறுபக்கம் பிரேக் 3,090 நியூட்டனை வெப்பமாக்கி வீணடிக்க வேண்டும். பனியில் ஓர் அடி நகர இது தாராளம். சேற்று வயலில் அரைமணி நேரம் என்றால் பிரேக் சூடேறிவிடும்.

என் தீர்ப்பு இது. பெரும்பாலும் காலியாக, பனியிலும் மழையிலும் சாலையில் ஓடும் பிக்கப்புக்குப் பல்சக்கர லிமிடெட் ஸ்லிப். கூடவே பின் அச்சுக்கு நேர் மேலே 150 கிலோ மணல் மூட்டை. மேற்சொன்ன கணக்கில் அம்மூட்டை டார்சனுக்கு ஏறத்தாழ 290 நியூட்டன் கூட்டித் தருகிறது. வயல், கட்டுமான இடம், பாசி படிந்த படகுத்துறைச் சரிவு என்றால் பொத்தானில் இயங்கும் லாக்கர். சக்கரம் சுழன்ற பிறகல்ல, சேற்றில் இறங்குமுன்பே அழுத்த வேண்டும். பொத்தானைத் தொடவே மாட்டேன் என்பவருக்கு மட்டும் ஜி80.

பழைய வண்டி வாங்குவோர் பின் சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, ஒன்றைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள்; மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல் என்று முடிவுகட்டுவார்கள். ஆனால் கையால் 100 சுற்று வேறுபாட்டைக் கொண்டுவர முடியாது என்பதால் ஜி80யும் அப்படித்தான் சுற்றும். பிளேட் தேய்ந்த லிமிடெட் ஸ்லிப்பும் அப்படியே. ஃபோர்டில் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் உள்ள அச்சுக் குறியீட்டையும், பழைய ஷெவர்லே பிக்கப்பில் கிளவ் பாக்ஸுக்குள் ஒட்டிய பட்டியலையும் பார்ப்பதே நம்பகமான வழி.