ஜீரோ ஹவர்ஸ் ஒப்பந்தம்: பிரிட்டன் பாராளுமன்றம் எதை விசாரித்தது, எதை மாற்றியது?

பிரிட்டனுக்குப் படிக்கவோ பிழைக்கவோ போன பிள்ளைகள் வீட்டுக்குப் போன் பேசும்போது, "இந்த வாரம் ஷிஃப்ட் எதுவும் வரலைம்மா" என்று சொன்னால் ஊரில் இருக்கும் பெற்றோருக்குப் புரிவதில்லை. வேலையில் சேர்ந்துவிட்டான், கம்பெனி அடையாள அட்டையும் இருக்கிறது, பிறகு எப்படி வேலை இல்லை என்கிறான்? இந்தக் கேள்விக்குப் பதில்தான் ஜீரோ ஹவர்ஸ் ஒப்பந்தம். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வேலை தருவேன் என்று முதலாளி எந்த உறுதியும் தருவதில்லை. வேலை இருந்தால் கூப்பிடுவார், வந்து செய்த மணிக்கு மட்டும் கூலி. கூப்பிடாத வாரத்துக்கு ஒன்றுமில்லை.

பிரிட்டனில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வேலை பார்க்கிறார்கள். ஹோட்டல், உணவகம், கிடங்கு, முதியோர் பராமரிப்பு ஆகிய துறைகளில் இது அதிகம். நம் சமுதாயப் பிள்ளைகள் முதலில் போய்ச் சேரும் துறைகளும் பெரும்பாலும் இவைதான். 2025 டிசம்பர் 18ஆம் தேதி அரச ஒப்புதல் பெற்ற தொழிலாளர் உரிமைச் சட்டம் இந்த ஒப்பந்தங்களுக்குக் கடிவாளம் போடுகிறது. அந்தச் சட்டம் பாராளுமன்றத்தில் எப்படி உரசிப் பார்க்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால், அதில் எது உறுதி, எது இன்னும் காற்றில் தொங்குகிறது என்பது விளங்கும்.

கிடங்கிலிருந்து கமிட்டி அறைக்கு

இந்தப் பிரச்சினையைப் பொதுமக்கள் முன் கொண்டுவந்ததில் 2016ஆம் ஆண்டு நடந்த ஒரு விசாரணைக்குப் பெரும் பங்கு உண்டு. ஸ்போர்ட்ஸ் டைரக்ட் என்ற விளையாட்டுப் பொருள் கம்பெனிக்கு டெர்பிஷயரின் ஷைர்புரூக்கில் பெரிய கிடங்கு இருந்தது. நிரந்தர ஊழியர்கள் ஏதோ சில நூறு பேர்தான், ஏஜென்சி மூலம் வந்தவர்களோ 3,000 பேருக்கு மேல். அவர்களுக்கு ஆண்டு முழுவதற்கும் சேர்த்து உறுதி செய்யப்பட்டது 336 மணி நேரம் மட்டுமே. முழுநேர வேலையாகச் செய்தால் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும் கணக்கு இது. மீதிப் பத்து மாதம் மேலாளரின் தயவு. பாராளுமன்றத்தின் வணிகக் குழு அதிபர் மைக் ஆஷ்லியையே நேரில் வரவழைத்துக் கேள்வி கேட்டது. வேலை முடிந்தபின் சோதனைக்காக வரிசையில் நிற்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது என்பதும், உடம்புக்கு முடியாமல் லீவு எடுத்தாலும் தண்டனைப் புள்ளி விழும் என்பதும் அங்கே வெளிவந்தன.

அதற்கு முன்பே ஒரு சிறு திருத்தம் வந்திருந்தது. "எங்களிடம் வேலை இல்லாவிட்டாலும் வேறு இடத்தில் வேலை பார்க்கக் கூடாது" என்று கட்டிப்போடும் நிபந்தனை 2015 மே மாதத்திலிருந்து செல்லாது. 2017ல் மேத்யூ டெய்லர் தலைமையிலான ஆய்வு, வளைந்து கொடுக்கும் சுமை முழுவதும் தொழிலாளி பக்கமே விழுகிறது என்று சுட்டிக்காட்டியது. மறு ஆண்டு, குறைந்தபட்சக் கூலியை வரையறுக்கும் ஆணையம் சில பரிந்துரைகளைத் தந்தது. வழக்கமாகப் பார்க்கும் மணி நேரத்துக்கு ஏற்ற ஒப்பந்தம், ஷிஃப்ட் பற்றி நியாயமான முன்னறிவிப்பு, கடைசி நேரத்தில் ரத்து செய்தால் இழப்பீடு. இன்றைய சட்டத்தின் விதை அதில்தான் இருக்கிறது.

2023ல் கன்சர்வேடிவ் ஆட்சியின்போது தனிநபர் மசோதாவாக ஒரு சட்டம் நிறைவேறியது. நிலையான நேரம் வேண்டும் என்று தொழிலாளி கேட்கலாம், அவ்வளவுதான். முதலாளி காரணம் சொல்லி மறுக்கலாம். அதுவும் நடைமுறைக்கு வருமுன்பே ஆட்சி மாறியது. புதிய லேபர் அரசு அதை ஓரம்கட்டிவிட்டு, 2024 அக்டோபர் 10ஆம் தேதி தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்தது.

கேட்கும் உரிமையா, கொடுக்கும் கடமையா?

பாராளுமன்ற விவாதத்தின் உயிர்நாடி இந்த ஒரு கேள்விதான். காமன்ஸ் சபையில் லேபருக்குப் பெரும்பான்மை இருந்ததால் மசோதா எளிதாகத் தாண்டியது. இரண்டாம் வாசிப்பில் ஆதரவு 386, எதிர்ப்பு 105. 2025 மார்ச்சில் மூன்றாம் வாசிப்பில் 333க்கு 100. உண்மையான மல்லுக்கட்டு பிரபுக்கள் சபையில் நடந்தது.

அரசின் வரைவு இப்படிச் சொன்னது: ஒரு குறிப்பிட்ட காலத்தில் தொழிலாளி வழக்கமாக எத்தனை மணி நேரம் வேலை பார்த்தாரோ, அதற்கு ஈடான உறுதியான நேரத்தை முதலாளி தாமாகவே முன்வந்து தர வேண்டும். தொழிலாளிக்கு வேண்டாம் என்றால் மறுத்துவிடலாம். பிரபுக்கள் சபையில் லிபரல் டெமாக்ரட் தரப்பிலிருந்து ஒரு திருத்தம் வந்தது. முதலாளி தாமாகத் தர வேண்டாம், தொழிலாளி கேட்டால் தரட்டும் என்பது அதன் சாரம். கன்சர்வேடிவ் உறுப்பினர்கள் ஆதரிக்க, 2025 ஜூலையில் அது நிறைவேறியது.

அவர்கள் சொன்ன காரணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மாணவர்கள், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள், ஓய்வு பெற்றவர்கள் எனப் பலருக்கு நேரம் நிலையாக இல்லாததே வசதி. நாலு பேரை வைத்துக் கடை நடத்துபவர், ஒவ்வொரு காலகட்டம் முடிந்ததும் ஒவ்வொருவருடைய மணிக்கணக்கையும் கூட்டிப் பார்த்து எழுத்து மூலம் கொடுப்பது சுமைதான். பிரிட்டனில் சிறு உணவகமும் மளிகைக் கடையும் நடத்தும் முஸ்லிம்கள் நிறையப் பேர் என்பதால், முதலாளி பக்கத்து நியாயமும் நமக்கு அந்நியமானதல்ல.

ஆனாலும் அரசுத் தரப்பு வாதமே கனமானது என்பது என் கருத்து. அடுத்த வார ஷிஃப்டை எழுதும் பேனா யார் கையில் இருக்கிறதோ, அவரிடம் போய் "எனக்கு உறுதியான நேரம் கொடுங்கள்" என்று எத்தனை பேர் கேட்பார்கள்? கேட்டதற்காக வேலையை விட்டு நீக்க வேண்டியதே இல்லை. ஷிஃப்ட் போடாமல் விட்டாலே போதும். நோன்பு காலத்தில் மாலை ஷிஃப்டை மாற்றித் தரும்படியும், பெருநாளன்று விடுப்புத் தரும்படியும் கேட்கத் தயங்கும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

செப்டம்பரில் காமன்ஸ் சபை அந்தத் திருத்தத்தை நிராகரித்தது. ஷிஃப்ட் ரத்துக்கு 48 மணி நேரம் என்று சட்டத்திலேயே எழுதிவிடுவது, பருவகால வேலைகளைக் கணக்கில் எடுப்பது ஆகிய வேறு சில திருத்தங்களும் திரும்பிப் போயின. இரண்டு சபைகளுக்கும் இடையே மசோதா டிசம்பர் வரை பந்தாடப்பட்டது. அநியாயமாக வேலை நீக்கம் செய்வதற்கு எதிரான பாதுகாப்பு முதல் நாளிலிருந்தே கிடைக்கும் என்ற வாக்குறுதியை அரசு கைவிட்டு, ஆறு மாதம் என்று இறங்கி வந்தது. ஆனால் உறுதியான நேரத்தைக் கொடுக்கும் கடமை முதலாளி மீதே என்பதில் இறங்கவில்லை. சட்டத்தில் அது அப்படியே நிற்கிறது.

இதற்கிடையே காமன்ஸ் சபையின் வணிக வர்த்தகக் குழு தனியாக ஒரு விசாரணை நடத்தியது. லியம் பைர்ன் அதன் தலைவர். 2025 ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் பிரிட்டன் தலைவரை அழைத்து, ஜீரோ ஹவர்ஸ் ஒப்பந்தத்தில் இத்தனை பேரை வைத்திருப்பதும் அங்கே எழுந்த பாலியல் தொல்லைப் புகார்களும் தொடர்புடையவை இல்லையா என்று கேட்டார்கள். மேலாளரைப் பகைத்தால் ஷிஃப்ட் போகும் என்ற இடத்தில் ஒரு பெண்பிள்ளை எப்படிப் புகார் செய்வாள் என்பது கேள்வியின் உட்பொருள். மகள்களை வேலைக்கு அனுப்பும் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

வெற்றிடங்கள்

சட்டத்தின் பலவீனமும் விசாரணையில் வெளிப்பட்டது. முக்கியமான அளவுகள் சட்டத்தில் இல்லை. மணிக்கணக்கு பார்க்கும் காலம் 12 வாரம் என்று அரசு சொல்லிவந்தாலும், அதைப் பின்னால் வரும் விதிகள்தான் நிர்ணயிக்கும். "குறைந்த நேர ஒப்பந்தம்" என்றால் வாரத்துக்கு எத்தனை மணி வரை, ரத்தான ஷிஃப்டுக்கு எவ்வளவு பணம் என்பதெல்லாம் அப்படித்தான். சட்டத்தின் தாக்கம் பற்றி அரசு கொடுத்த மதிப்பீடு போதாது என்று, அதைச் சரிபார்க்கும் சுதந்திரமான குழு 2024 நவம்பரிலேயே சிவப்புக் குறி போட்டது. 23 தனி மதிப்பீடுகளில் 8 தேறவில்லை. தொழிலாளிக்கு நன்மை செய்யும் சட்டம் என்பதற்காக இந்தக் குறையை மூடி மறைக்கத் தேவையில்லை. அளவு சொல்லாத உரிமை, அளவு சொல்லாத கூலியைப் போன்றது.

முதல் வரைவில் ஏஜென்சி தொழிலாளர்கள் இந்தப் பாதுகாப்புக்குள் முழுமையாக வரவில்லை. ஷைர்புரூக் கிடங்கை நினைத்துப் பாருங்கள், அங்கே வதைபட்டவர்கள் ஏஜென்சி ஆட்கள்தானே. 2025 மார்ச்சில் அரசே திருத்தம் கொண்டுவந்து அவர்களையும் சேர்த்தது. ஆனால் முழுச் சுயதொழிலாளர் என்று சட்டம் கருதுபவர்களுக்கு இது பொருந்தாது. ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளர்களே என்று 2021ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் யாசீன் அஸ்லம். டெலிவரூ உணவு விநியோகிகள் வழக்கில் 2023ல் தீர்ப்பு தொழிலாளர் தரப்புக்கு எதிராகப் போனது. பைக்கில் சாப்பாடு கொண்டுபோகும் பிள்ளைகள் தங்கள் நிலை எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஃபிக்ஹில் இதன் இடம்

இந்த வேலையில் வரும் சம்பளம் கூடுமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடும். ஒவ்வொரு ஷிஃப்டையும் தனி இஜாராவாக எடுத்துக்கொண்டால், வேலையும் தெரியும், நேரமும் தெரியும், கூலியும் தெரியும். ஒப்பந்தம் செல்லும், வருமானம் ஹலால்.

சிக்கல் இரண்டு ஷிஃப்டுகளுக்கு இடையே இருக்கும் காத்திருப்பில்தான். ஹனஃபி மத்ஹபின் நூல்கள் கூலியாளை இரு வகையாகப் பிரிக்கின்றன. தையற்காரர் போல ஊருக்கெல்லாம் பொதுவாக வேலை செய்பவர் அஜீர் முஷ்தரக். அவருக்கு வேலையை முடித்தால்தான் கூலி. ஒருவருக்கென்று தன் நேரத்தை ஒதுக்கியவர் அஜீர் காஸ். அவர் குறித்த காலத்தில் தன்னை ஒப்படைத்து ஆயத்தமாக நின்றாலே கூலிக்கு உரியவராகிறார், முதலாளி வேலை கொடுக்காமல் விட்டாலும் சரியே. ஜீரோ ஹவர்ஸ் தொழிலாளியின் நிலை விசித்திரமானது. போனைப் பார்த்துக்கொண்டு ஒருவருக்காகவே காத்திருப்பதில் அவர் அஜீர் காஸ், கூலி வாங்கும்போது மட்டும் அஜீர் முஷ்தரக். இரு வகையிலும் உள்ள பாரம் அவருக்கு, இரு வகையிலும் உள்ள வசதி முதலாளிக்கு. கடைசி நேரத்தில் ரத்தான ஷிஃப்டுக்குப் பணம் தர வேண்டும் என்ற புதிய விதி, நம் ஃபுகஹாக்கள் சொன்ன இந்தக் கணக்குக்கு அருகில் வருகிறது.

மூஸா (அலை) அவர்கள் மத்யனில் வேலைக்கு அமர்ந்த வரலாறு சூரா அல்கஸஸில் வருகிறது. எட்டு ஆண்டுகள் நிபந்தனை. பத்தாக்கினால் அது அவர்கள் விருப்பம். சிரமப்படுத்த விரும்பவில்லை என்பதையும் அந்தப் பெரியவர் சேர்த்தே சொல்கிறார். குறைந்தபட்சம் இன்னது என்பது பேசி முடிவாகிறது, அதற்கு மேல் கூட்டிக்கொள்ளும் உரிமை வேலை செய்பவரிடம் இருக்கிறது. பிரபுக்கள் சபையில் மாதக்கணக்கில் விவாதித்த விஷயத்துக்கு இது எவ்வளவு நெருக்கம்!

ஜகாத் கமிட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. "அவனுக்குத்தான் வேலை இருக்கிறதே" என்று மனுவை ஒதுக்கிவிடக் கூடாது. சூரா அல்கஹ்ஃபில் கடலில் உழைத்த கப்பல்காரர்கள் மிஸ்கீன்கள் என்றே குறிப்பிடப்படுகிறார்கள். தொழிலும் கப்பலும் இருந்தும் மிஸ்கீன். வருமானம் தேவைக்குப் போதாதவர் அந்தப் பிரிவில் வருவார் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தெளிவான நிலை.

இப்போதே இருப்பது, இனி வருவது

நேர உத்தரவாதம், முன்னறிவிப்பு, ரத்துக்கான பணம் ஆகிய மூன்றும் 2027ல் நடைமுறைக்கு வரும் என்பது அரசின் கால அட்டவணை. அதுவரை எந்த உரிமையும் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஜீரோ ஹவர்ஸ் தொழிலாளிக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு. 21 வயதைக் கடந்தவர்களுக்கு 2026 ஏப்ரல் முதல் மணிக்கு 12.71 பவுண்டு. சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் உண்டு, நிலையற்ற நேரத்தில் வேலை செய்பவர்களுக்கு அது பார்த்த மணி நேரத்தில் 12.07 சதவீதம் என்று கணக்கிடப்படுகிறது. நோய்க்கால உதவித் தொகை பெற இருந்த குறைந்தபட்ச வருமான நிபந்தனையும், முதல் மூன்று நாள் காத்திருப்பும் 2026 ஏப்ரலில் நீங்கின.

மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் படிப்புக் காலத்தில் பொதுவாக வாரத்துக்கு 20 மணி நேரமே அனுமதி. முதலாளி எத்தனை மணி நேரம் உறுதி செய்து தந்தாலும் அந்த வரம்பு மாறாது. வட அயர்லாந்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தச் சட்டத்தின் ஜீரோ ஹவர்ஸ் பகுதி பொருந்தாது, அங்கே தொழிலாளர் சட்டம் தனி.

புதிய விதியின்படி உறுதி நேரம் கணக்கிடப்படுவது பழைய ஷிஃப்டுகளை வைத்துத்தான். ஆகவே வாராந்திர ஷிஃப்ட் பட்டியல், ரத்து செய்து வந்த மெசேஜ், சம்பளச் சீட்டு மூன்றையும் தேதி வாரியாகப் போனில் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் ஏகாஸ் என்ற அமைப்பின் உதவி எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம், முதலாளிகளும் கேட்கலாம்.