சானடோரியத்துச் சோறும் வீட்டுச் சோறும்

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்கு அடுத்த நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் இங்கேதான் இறங்குகிறார்கள். இந்த இடத்துக்குப் பெயர் கொடுத்தது ஒரு காசநோய் மருத்துவமனை. டாக்டர் சவுரி முத்து 1928இல் அதைத் தொடங்கினார். 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது.

அன்று காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை. ஓய்வு, நல்ல காற்று, பால், முட்டை, வயிறார உணவு ஆகியவைதான் சிகிச்சை. எலும்புருக்கி என்று நம் மக்கள் அழைத்த நோய்க்குச் சோறே மருந்தாக இருந்தது. சானடோரியத்தில் இடம் கிடைத்த ஏழைப் பெண்ணுக்கு இன்னொன்றும் கிடைத்தது. அது அவள் சமைக்காத சோறு. யாருக்கும் பங்கு வைக்காமல் அவளே சாப்பிடக்கூடிய சோறு.

அதற்காகச் சானடோரியத்தைச் சொர்க்கமாக்கிவிட வேண்டாம். படுக்கைகள் குறைவு, நோயாளிகளோ ஏராளம். பிள்ளைகளை விட்டுவிட்டு மாதக்கணக்கில் படுத்திருக்க எத்தனை பெண்களால் முடியும்?

இந்தச் சிக்கலுக்கு விடை சென்னையிலேயே கிடைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு ஆகியவை சேர்ந்து 1956இல் சேத்துப்பட்டில் ஒரு மையத்தை அமைத்தன. நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டார்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்தே ஓராண்டு மருந்து சாப்பிட்டார்கள். முடிவு 1959இல் வெளியானது. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான குடியிருப்புகளில், குறைந்த உணவோடு வாழ்ந்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் அதிகம் கூடினார்கள். ஆனாலும் நோய் அடங்கியதில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மருந்து வேலை செய்தது.

இது பெரிய விடுதலை. படுக்கைக்குக் காத்திருந்தே செத்துப்போகும் நிலை மாறியது. 1962இல் வந்த தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையின் மேல்தான் நின்றது. உலகமும் பின்தொடர்ந்தது.

ஆனால் இந்த வெற்றியைச் சொல்லும்போது ஒருத்தி விடுபட்டுப்போகிறாள். சிகிச்சை வீட்டுக்கு வந்தது என்றால், அது ஒரு பெண்ணின் அடுப்படிக்கு வந்தது என்று பொருள். கஞ்சி வைப்பது, எச்சில் பாத்திரம் கழுவுவது, மாத்திரையை நினைவுபடுத்துவது எல்லாம் அவள் கணக்கில் சேர்ந்தன. முட்டை ஒன்றுதான் இருந்தால் அது நோயாளிக்கு. அவளே நோயாளியாகிவிட்டால்? அப்போதும் முட்டை பிள்ளைக்குத்தான். எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சட்டியைத் துழாவுகிறவள் அவள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. உடலில் இருப்பு இல்லாதவர்களிடம்தான் வீட்டுச் சிகிச்சையை ஒப்படைத்திருக்கிறோம்.

உணவு மீண்டும் பேச்சுக்கு வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள்கள் தரப்பட்டன. ஒரு பிரிவில் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் ஊட்டச்சத்து மாத்திரைகளும் தரப்பட்டன. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. முதல் இரண்டு மாதங்களில் 5 விழுக்காடு எடை கூடிய நோயாளிகளுக்கு இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைவாக இருந்தது. சென்னை ஆய்வு பொய்யாகிவிடவில்லை. மருந்து நோயை அடக்கும். ஆனால் அடுத்தவருக்கு நோய் வராமல் தடுக்கவும், மெலிந்தவரைப் பிழைக்க வைக்கவும் சோறு வேண்டும்.

தமிழ்நாடு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், மிகவும் மெலிந்த நோயாளிகளை முதலிலேயே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்க்கிறது. ஒன்றிய அரசு 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். நல்லதுதான். ஆனால் பணம் வரும் வீட்டில் வாடகை பாக்கி இருக்கும், மளிகைக் கடன் இருக்கும். நோயாளி ஒருவர், தட்டுகள் ஐந்து என்றால் அந்தப் பணத்தைப் பிரிக்கும் வேலையும் அதே பெண்ணுக்குத்தான். பிரிக்கும்போது முதலில் குறைவது அவளுடைய பங்கு.

ஜார்க்கண்டில் குடும்பத்துக்கே பொருள் போனபோது, யார் வயிற்றைக் குறைப்பது என்ற கேள்வியின் கடுமை தணிந்தது. நம்மிடம் எல்லாக் குடும்பத்துக்குமான நியாயவிலைக் கடை இருக்கிறது, அங்கன்வாடி இருக்கிறது. காசநோய் வந்த வீட்டின் குடும்ப அட்டைக்குச் சிகிச்சை முடியும்வரை கூடுதல் பருப்பும் முட்டையும் கொடுக்கப் புதிதாக எதையும் கட்டியெழுப்ப வேண்டியதில்லை. நோயாளியின் எடையைப் பார்க்கும் நாளில், அவருக்குச் சமைப்பவளையும் அதே எடைக்கருவியில் ஏற்றிப் பார்க்கலாம்.