நைஜீரியாவுக்குப் பெட்டி கட்டிய காலம்

லண்டனுக்கும் கனடாவுக்கும் போன இலங்கைத் தமிழரின் கதை நிறைய எழுதப்பட்டுவிட்டது. அதற்கு முன்பே, 1970களின் பிற்பகுதியில், இந்த நாட்டின் ஆசிரியர்களும் பொறியியலாளர்களும் கணக்காளர்களும் நைஜீரியாவுக்கும் ஸாம்பியாவுக்கும் புறப்பட்டார்கள். கண்டிக்கு அருகிலுள்ள எங்கள் கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் சிலர் போனார்கள். என் கணவர் கணித ஆசிரியராக 1979இல் போனார். விஞ்ஞான ஆசிரியையான நான் மறு ஆண்டு பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்தேன். அங்கே எவ்வளவு சம்பாதித்தோம் என்று கேட்டவர்கள் பலர். எப்படி ஆயத்தமானீர்கள் என்று எவரும் கேட்டதில்லை. ஆபிரிக்கா என்றால் காடும் சிங்கமும் என்று படித்து வளர்ந்த தலைமுறை, குடும்பத்தோடு அங்கே வாழப்போவதற்குத் தன்னை எப்படித் தயார்படுத்திக்கொண்டது? அந்த வரலாற்றின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆபிரிக்காவிலிருந்து எங்கள் பக்கம் வந்து வாழ்ந்தவரின் கதை இதற்கும் பழையது. எகிப்தியப் படைத் தளபதி அஹ்மத் ஒராபி பாஷா 1882 செப்டெம்பரில் தெல் அல் கபீர் போரில் பிரித்தானியரிடம் தோற்றார். 1883 ஜனவரியில் அவரையும் அவருடைய தோழர்களையும் இலங்கைக்கு நாடுகடத்தினார்கள். முதலில் கொழும்பில் இருந்தவர் பின்னர் கண்டிக்கு வந்து, ஹலோலுவ வீதியில் குடியிருந்தார். முஸ்லிம் பிள்ளைகளுக்கு நவீன கல்வி வேண்டுமென்று அவர் கொடுத்த ஊக்கத்துக்கு, 1892இல் தொடங்கிய கொழும்பு ஸாஹிராக் கல்லூரியில் பங்குண்டு. 1901இல் மன்னிப்புக் கிடைத்து ஊர் திரும்பினார். அவருடைய வீடு இன்று அரும்பொருளகம். சின்ன வயதில் எங்களுக்கு அதை 'பாஷா இருந்த வீடு' என்று காட்டுவார்கள். எகிப்தும் ஆபிரிக்காவில்தான் இருக்கிறது என்பது எங்களில் எவருக்கும் உறைத்ததில்லை. நாங்கள் அறிந்த ஆபிரிக்கா அவ்வளவுதான்.

எங்களுக்கு அங்கே வேலை கிடைத்ததற்குக் காரணம் எண்ணெய். 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் நைஜீரியாவின் கையில் காசு புரண்டது. 1976 செப்டெம்பரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச ஆரம்பக் கல்வியை அந்த அரசு தொடங்கியது. 1975 அளவில் ஏறத்தாழ 60 லட்சமாக இருந்த ஆரம்பப் பாடசாலை மாணவர் தொகை 1980க்குள் 1 கோடி 20 லட்சத்தைத் தாண்டியது. பாடசாலைகள் பெருகப் பெருக, கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆள் போதவில்லை. ஸாம்பியாவின் நிலை வேறு. 1964 ஒக்டோபரில் சுதந்திரம் பெற்றபோது அந்த நாட்டில் பட்டதாரிகள் ஏறத்தாழ நூறு பேர்தான். செம்புச் சுரங்கப் பணத்தில் பாடசாலை கட்டினார்கள், படிப்பிக்க வெளிநாட்டாரை அழைத்தார்கள்.

இங்கே நிலைமை நேர்மாறு. ஆங்கிலத்தில் படித்துத் தேறிய ஆசிரியர்கள் இருந்தார்கள். வகுப்புகள் தமிழுக்கும் சிங்களத்துக்கும் மாறியிருந்தன. தாய்மொழிக் கல்வியை நான் குறைசொல்லவில்லை, அது நியாயமான மாற்றம். ஆனால் அந்தத் தலைமுறையின் ஆங்கிலத்துக்கு இந்த நாட்டில் விலை இல்லாமற்போனது, ஆபிரிக்காவில் விலை இருந்தது. தமிழருக்கு எதிரான 1977 ஆகஸ்ட் கலவரம் மலையகத்தையும் தொட்டதால் தமிழ்க் குடும்பங்களின் மனம் கலைந்திருந்தது. அதே ஆண்டு நவம்பரில் வெளிநாட்டு நாணயக் கட்டுப்பாடு தளர்ந்தது. அதற்கு முன் வெளிநாடு போகிறவர் கையில் சில பவுண்களுக்கு மேல் கொண்டுபோக முடியாது. கதவு திறந்ததும் விண்ணப்பங்கள் பறந்தன.

முதல் ஆயத்தம் கடதாசி. பிறப்புச் சாட்சிப் பத்திரம் தமிழில், விவாகப் பதிவு சிங்களத்தில். இரண்டையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்க வேண்டும். பட்டச் சான்றிதழுக்கு உறுதிப்படுத்திய பிரதிகள், அவற்றில் சமாதான நீதவானின் முத்திரை, பொலிஸ் அறிக்கை, திணைக்களத்திலிருந்து சம்பளமற்ற விடுமுறை. பாஸ்போர்ட்டுக்குக் கொழும்புக்குப் போக வேண்டும். விடியற்காலை ரயிலேறினால் இரவுதான் வீடு. எந்த மேசையில் எந்தப் படிவம் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. முன்னால் போனவர் பின்னால் வந்தவருக்குச் சொன்னார். எங்களுக்குச் சொன்னவர் மடவளைப் பக்கத்து முஸ்லிம் ஆசிரியர் ஒருவர். தனக்கு வேலை கிடைத்ததும் தன் கோப்பைக் கொண்டுவந்து தந்து, "இதைப் பார்த்து அப்படியே செய்யுங்கோ தங்கச்சி" என்றார். அந்தக் கோப்பு பிறகு எங்களிடமிருந்து இன்னொரு வீட்டுக்குப் போனது.

அடுத்தது ஊசி. மஞ்சட்காய்ச்சலுக்கான தடுப்பூசியைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் போட்டார்கள். அதன் மருந்து உலர்ந்த பொடியாக, கண்ணாடிக் குப்பியில் குளிரில் இருக்கும். நீர் சேர்த்துக் கலக்கிய பிறகு வைத்திருக்க முடியாது, சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருப்பதால், ஆட்கள் சேரும்வரை வாங்கில் உட்கார்ந்திருந்தோம். நீண்ட நேரம் எவரும் பேசவில்லை. பிறகு ஒருவர் "நீங்கள் எந்த மாநிலம்?" என்று கேட்டார். கானோ, சொக்கோட்டோ, போர்ணோ என்று ஆளுக்கொரு பெயர் சொன்னோம். போகும் ஊரின் பெயரை வேறொருவர் வாயால் கேட்டதே பெரிய தெம்பாக இருந்தது. ஊசி போட்டதும் மஞ்சள் நிறச் சிறு புத்தகத்தில் திகதியும் மருந்தின் தொகுதி இலக்கமும் எழுதி முத்திரை குத்தினார்கள். பத்து நாட்கள் கழிந்த பிறகே அது செல்லும், அன்றைய விதிப்படி பத்து ஆண்டுகள் செல்லும். அதே புத்தகத்தில் பெரியம்மைக்கும் பக்கம் இருந்தது. இயற்கையாகப் பரவிய கடைசிப் பெரியம்மை நோயாளியை 1977 ஒக்டோபரில் சோமாலியாவின் மெர்க்கா நகரில் கண்டார்கள். 1980இல் அந்த நோய் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நாங்கள் புறப்படும்போது அந்தப் பக்கத்துக்கு வேலை முடிந்துகொண்டிருந்தது.

அந்த ஊசியின் கதையை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். 1927இல் இன்றைய கானா நாட்டில் அசிபி என்ற இளைஞருக்கு மஞ்சட்காய்ச்சல் கண்டது. அவருடைய இரத்தத்தை எடுத்து, இந்தியாவிலிருந்து தருவித்த செங்குரங்குக்கு ஏற்றினார்கள். குரங்கு இறந்தது, அசிபி பிழைத்தார். அந்த ஆய்வில் ஈடுபட்ட மருத்துவர் ஏட்ரியன் ஸ்டோக்ஸ் அதே ஆண்டு லாகோஸில் அதே நோயால் மாண்டார். அசிபியிடமிருந்து வந்த கிருமியைப் பல ஆண்டுகள் வலுக்குறைத்து, 1937இல் தடுப்பூசியாக்கினார் தென்னாபிரிக்காவில் பிறந்த மக்ஸ் தைலர். 1951இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று உலகில் போடப்படும் மஞ்சட்காய்ச்சல் ஊசிகள் எல்லாம் அசிபியின் வழி வந்தவை. ஆபிரிக்காவில் கால் வைக்கும் முன்பே ஓர் ஆபிரிக்கர் எங்களைக் காத்துக்கொண்டிருந்தார். அந்தச் சான்றிதழ் பயணியை மட்டும் காப்பதற்கல்ல. மஞ்சட்காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு, டெங்கைப் பரப்பும் அதே நுளம்பு. அது நம் முற்றத்திலேயே இருக்கிறது. நோய் வந்து சேர்ந்தால் பரப்பத் தயாராக இருக்கிறது. ஆசியாவில் மஞ்சட்காய்ச்சல் இன்னும் வேரூன்றவில்லை. அந்த மஞ்சள் புத்தகம் ஊரையும் சேர்த்துக் காத்தது.

மலேரியாவைப் பற்றி எங்களுக்கு எவரும் படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை. 1934ஆம் ஆண்டு மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளானபோது வந்த கொள்ளைநோய் 1935 வரை ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோனது. கேகாலையும் குருநாகலும்தான் மிக மோசம். கண்டிப் பக்கமும் தப்பவில்லை. அம்மா அந்தக் காய்ச்சலில் கிடந்து கொய்னா குடித்துப் பிழைத்தவர். குளோரோகுயின் மாத்திரையைப் புறப்படுவதற்கு முந்திய வாரமே தொடங்கி, கிழமைக்கொரு முறை விழுங்க வேண்டும், திரும்பி வந்த பிறகும் நான்கு கிழமை நிறுத்தக் கூடாது என்று டொக்டர் சொன்னார். அம்மா ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தார். பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா கொத்தமல்லியும் வெனிவெல்கெட்டவும் பொட்டலம் கட்டித் தந்தார். இரண்டையும் கொண்டுபோனோம். மலேரியாவுக்கு மாத்திரை, தடிமனுக்குக் கொத்தமல்லி.

பெட்டிக்குள் எதை வைப்பது என்று முடிவுசெய்தது என் கணவரின் ஏரோகிராம். நீல நிறத் தாளின் ஓரமெல்லாம் எழுதியிருந்தார். "ஸ்வெட்டரை விட்டுவிட்டு வராதே, இங்கே இரவில் குளிர்கிறது" என்பது முதல் வரி. எனக்கு நம்பவே முடியவில்லை. அவர் இருந்த கானோ சகாராவுக்குத் தெற்கேயுள்ள வறண்ட பகுதியில் இருக்கிறது, ஆனால் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ கண்டியின் உயரம். நவம்பரிலிருந்து மாசி, பங்குனி வரை பாலைவனத்திலிருந்து ஹர்மத்தான் காற்று வீசும். வானம் தூசியால் வெளிறும், உதடு வெடிக்கும், விடியற்காலையில் விரல் விறைக்கும். கண்டி மார்கழிக்குப் பின்னிய கம்பளிகள் அங்கே ஒவ்வொரு ஆண்டும் உதவின. மடக்கை அட்டவணை, மூக்குக் கண்ணாடி இன்னொரு சோடி, நுளம்பு வலை, வஸ்லீன், பருத்திச் சேலைகள் என்று பட்டியல் நீண்டது. கடைசி வரி மிளகாய்த்தூள்.

சமையல் சாமான் ஆயத்தம் ஒரு கிழமை நடந்தது. மாத்தளையிலிருந்து மிளகும் ஏலமும் கறுவாவும் வந்தன. மிளகாயை ஈரம் போக வறுத்து இடித்தோம். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மாசிக் கருவாட்டை வெயிலில் வைத்து, உரலில் தட்டிப் பொடியாக்கினோம். கறிவேப்பிலையையும் ரம்பையையும் நிழலில் உலர்த்தினோம். எல்லாவற்றையும் பால்மா டின்களில் இறுக அடைத்து, மூடியைச் சுற்றி மெழுகுதிரியை உருக்கி ஊற்றினோம். இடியப்ப உரலும் புட்டுக் குழலும் சேலைகளுக்கு நடுவே படுத்தன. வீட்டுத் தராசில் பெட்டியை நிறுத்துப் பார்த்து, எடை கூடியதும் புத்தகங்களை எடுத்துவிட்டு டின்களை விட்டேன். கட்டுக்கலைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, பம்பாய் வழியாகப் பறந்தோம்.

கானோ மாநிலத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்த சிற்றூரில் பெண்கள் பாடசாலை. இடைவேளையில் ஹவுஸா மாணவிகள் என் சேலையின் கரையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். எங்களுக்குப் பழக்கமான புழுங்கலரிசி அங்கே சந்தையிலேயே கிடைத்தது, மிளகாய்க்கும் பஞ்சமில்லை. நான் மெழுகு ஊற்றிக் காத்த டின்களில் பாதி தேவைப்படவே இல்லை. தேங்காய்க்குத்தான் தட்டுப்பாடு, அதற்கு நிலக்கடலையை அரைத்துக் கறியில் விட்டோம். அந்த ஊர் அயலவர் கற்றுத்தந்த கைமுறை அது. பிறகு ஊருக்கு எழுதிய கடிதங்களில் நானும் பட்டியல் போட்டேன்: மிளகாய் குறை, புத்தகம் கூட்டு.

1980இல் ஒரு நைரா ஒன்றரை அமெரிக்க டொலருக்கும் மேல் பெறுமதி. அந்தப் பணத்தில் எங்கள் ஊரில் வீடுகள் எழுந்தன, தங்கைமார் கலியாணமானார்கள், தம்பிமார் படித்தார்கள். 1983 ஜூலையில் கண்டியிலும் தமிழர் கடைகள் எரிந்தபோது, நாங்கள் கானோவில் சிற்றலை வானொலிக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருந்தோம். அந்தக் கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து பக்கத்தில் அமர்ந்திருந்தவர்கள் ஹவுஸா அயலவர். அதை நான் மறக்க மாட்டேன். எண்ணெய் விலை 1986இல் சரிந்தது. அதே ஆண்டு நைராவின் பெறுமதியும் உடைந்து, டொலர் ஒன்றுக்கு நான்கு நைராவுக்கு மேல் கொடுக்க வேண்டிவந்தது. பலர் பொட்ஸ்வானாவுக்கும் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் நகர்ந்தார்கள். நாங்கள் கட்டுகஸ்தோட்டைக்குத் திரும்பினோம்.

இப்போதும் இங்கிருந்து ஆபிரிக்காவுக்குப் போகிறார்கள். இரத்தினக்கல் வியாபாரிகள் மடகஸ்காருக்கும் மொஸாம்பிக்குக்கும் போகிறார்கள், ஆடைத் தொழிற்சாலை மேற்பார்வையாளர்கள் கென்யாவுக்குப் போகிறார்கள். மஞ்சட்காய்ச்சல் சான்றிதழ் 2016 ஜூலையிலிருந்து ஆயுள் முழுக்கச் செல்லும். அதே ஆண்டு செப்டெம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. போகிறவர்களுக்கு மலேரியாத் தடுப்பு மாத்திரையை மலேரியா ஒழிப்பு இயக்கம் இலவசமாகவே கொடுக்கிறது. வாங்கிக்கொண்டு போங்கள். திரும்பி வந்து காய்ச்சல் கண்டால், போன நாட்டின் பெயரைச் சொல்லி இரத்தத்தைச் சோதியுங்கள். இந்த நாடு அந்த நிலையைப் பெறப் பல பத்தாண்டுகள் பாடுபட்டது.

எங்கள் தலைமுறையில் பலர் காலமாகிவிட்டார்கள். அவர்களுடைய அலுமாரிகளில் ஏரோகிராம்களும் நியமனக் கடிதங்களும் மஞ்சள் ஊசிப் புத்தகங்களும் இன்னும் கிடக்கின்றன. பிள்ளைகள் வீடு ஒதுக்கும்போது அவை பழைய பேப்பர்க்காரரிடம் போகின்றன. தயவுசெய்து அதற்கு விடாதீர்கள். 2005இலிருந்து ஈழத்து எழுத்துகளைச் சேர்த்து எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனம் போன்ற இடங்கள் இருக்கின்றன. ஒரு கடிதக் கட்டாக இருந்தாலும் கொடுங்கள். கொடுக்க மனமில்லையென்றால் படம்பிடித்தாவது வையுங்கள். கடினமான காலத்தில் எங்களுக்குச் சோறு போட்ட கண்டம் ஆபிரிக்கா. அந்தக் கடனை எழுதிவைப்பது நம் பொறுப்பு.