கரிமருந்து (மலாக்கா)

வாய்வழி நிரப்பிச் சுடும் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் உரிய பழைய வெடிமருந்து. வெடியுப்பு, மரக்கரி, கந்தகம் ஆகியவற்றின் கலவை. நூற்றுக்கு 75, 15, 10 என்ற பங்கு பிற்காலத்தில் நிலைபெற்றது.

மருந்தைத் தேர்வதில் குருணையின் அளவே முதன்மை. பொடிக்குருணை சட்டென எரிந்து அழுத்தத்தை விரைவாக ஏற்றும், கைத்துப்பாக்கிக்கு அது. பருங்குருணை மெல்ல எரியும், பீரங்கிக்கு ஏற்றது. இன்றைய புகையற்ற மருந்தை இந்தக் குழல்களில் இடவே கூடாது. குழல் வெடித்துச் சுட்டவரையே கொல்லும்.

கரிமருந்தின் வலிமையை மலாக்கா நேரில் கண்டது. 1511இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க்கே மலாக்காவைப் பிடித்து ஆ ஃபமோசா கோட்டையைக் கட்டினார். 1641இல் அது டச்சுக்காரர் கைக்கும், பின்னர் ஆங்கிலேயர் கைக்கும் வந்தது. ஆனால் அதைத் தரைமட்டமாக்கியது பகைவரின் குண்டு அல்ல, அதை அப்போது வைத்திருந்தவர்களே இட்ட வெடிமருந்து! ஊரைக் கைவிடத் துணிந்த ஆங்கிலேயக் கம்பெனியின் ஆணைப்படி, வில்லியம் ஃபர்க்குவார் 1807இல் அடித்தளத்தில் மருந்து வைத்துத் தகர்த்தார்.

தமிழ், அரபு மரபில் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா அப்போது சிறுவன். வணிகக் கணக்குக்குத் தேவையென்று தமிழும் கற்றவர். அந்தத் தகர்ப்பை அவர் தம் தன்வரலாறான ஹிக்காயத் அப்துல்லாவில் விரிவாக எழுதியிருக்கிறார். இதைவிட உயிருள்ள உள்ளூர்ச் சான்று அரிது.

கோட்டையில் இன்று எஞ்சி நிற்பது போர்ட்டா டி சந்தியாகோ வாயில்.